பனிநாட்டுப் படங்களும் இப்னு ஃபழ்லானின் ஏடும்

வட ஐரோப்பாவின் பனிநிலத்தையும், ஓராயிரம் ஆண்டுகட்கு முன் அங்கிருந்து கலமேறிப் புறப்பட்ட வைக்கிங் மாந்தரையும் பொருளாகக் கொண்டு மேலைநாட்டார் எடுத்த திரைப்படங்கள் மிகப் பல. கொம்பு வைத்த தலைக்கவசம், கோடரி, நாகத்தலைக் கப்பல், மதுக்கிண்ணம் ஆகியவை இருந்தால் போதும், படம் உருவாகிவிட்டது எனக் கருதியோர் அவருள் பலர். அக்கொம்புகளுக்கே சான்றில்லை. வைக்கிங் வீரர் அவற்றை அணிந்து போரிட்டதாக அகழாய்வு எதுவும் காட்டியதில்லை. 1876-இல் ஜெர்மானிய இசைமேதை வாக்னரின் இசைநாடகம் மேடையேறியபோது உடையமைப்பாளர் சூட்டிய அணியே பெரிதும் பரவி, உலகின் மனத்தில் வரலாறாகப் பதிந்துவிட்டது.

இதில் நமக்கென்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். அக்கறை உண்டு. அம்மாந்தரை நேரிற்கண்டு எழுதப்பட்ட சான்றுரைகளுள் மிக விரிவான ஒன்று ஒரு முஸ்லிமின் எழுதுகோலிலிருந்து பிறந்தது. அவர் அஹ்மது இப்னு ஃபழ்லான். கலீஃபா அல்-முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக ஹிஜ்ரி 309-இல், அதாவது கி.பி. 921 ஜூன் திங்களில், அவர் பகுதாதை விட்டுப் புறப்பட்டார். வோல்கா நதிக்கரையில் ஆண்ட பல்கார் மன்னர், மார்க்கம் கற்பிக்க அறிஞரையும், பள்ளிவாசலும் கோட்டையும் எழுப்பப் பொருளுதவியும் வேண்டியிருந்தார். புகாரா, குவாரிஸ்ம் வழியாகச் சென்ற குழு 922 மே திங்களில் அங்குச் சேர்ந்தது. குவாரிஸ்மின் கடுங்குளிரில், குளித்துவிட்டு வீடு திரும்புவதற்குள் தம் தாடி பனிக்கட்டியாய் உறைந்துவிட, அதனை நெருப்பருகே உருக்க நேர்ந்ததாக எழுதுகிறார் அவர்.

அந்த ஏட்டில் நம் நெஞ்சைத் தொடும் ஓரிடம் உண்டு. கோடையில் அவ்வடபுலத்து இரவு மிகக் குறுகியது. ஒருநாள் அவர் கூடாரத்தில் உரையாடிக்கொண்டே இஷாவின் பாங்குக்காகக் காத்திருக்கிறார். பாங்கு ஒலிக்கிறது, வெளியே வந்தால் விடிந்துவிட்டது! மோதினாரைக் கேட்கிறார். தாம் சொன்னது பஜ்ருடைய பாங்கு என்றும், இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுவதாகவும் அவர் விடையிறுக்கிறார். பஜ்ரு தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் அம்மனிதர் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லையாம். வட துருவத்தை அண்டிய நிலத்தின் இயல்பை எத்தனையோ படக்கருவிகள் காட்டியுள்ளன; உறக்கம் துறந்த அந்த மோதினாரைப் போல அதனை உணர்த்திய காட்சியை நாம் கண்டதில்லை.

அந்நதிக்கரையில்தான் வணிகத்துக்கு வந்திருந்த ரூஸ் மக்களை அவர் கண்டார். அவர்களைப் பெரும்பாலான ஆய்வாளர் ஸ்காந்திநேவிய வழியினர் என்பர். பேரீச்சமரம் போன்ற நெடிய உடல், கோடரி, வாள், கத்தி என அவர்தம் தோற்றத்தை வியந்து எழுதிய அதே கை, அவர்தம் தூய்மையின்மையை அருவருப்போடும் எழுதியது. அவர்களுள் தலைவன் ஒருவன் இறந்தபோது, உடலைக் கப்பலோடு எரித்த சடங்கையும் அவர் உடனிருந்து கண்டார். தலைவனுடன் சாவதற்கு ஓர் அடிமைப் பெண் இசைகிறாள். மது புகட்டப்படுகிறது. தன் தாய் தந்தையரையும் மாண்ட உறவினரையும் மறுமையில் காண்பதாக அவள் சொல்லவேண்டும், சொல்கிறாள். கூடாரத்துள் நுழையும் வேளையில் தயங்குகிறாள். சடங்கை நடத்தும் கிழவி அவள் தலையைப் பற்றி உள்ளே தள்ளுகிறாள். அக்கிழவியை இப்னு ஃபழ்லான் 'மலக்குல் மவ்த்' என்றே குறிக்கிறார். உள்ளிருந்து எழும் அவளது அலறல் பிற அடிமைப் பெண்களின் செவியில் விழாதிருக்க, ஆடவர் கேடயங்களைத் தடிகளால் அடித்து ஓசை எழுப்புகின்றனர்.

ஓசை எதற்காக எழுப்பப்பட்டது என்பதைப் பதிவு செய்தாரே, அங்குதான் அவர் வெறும் பயணி என்ற நிலையைக் கடந்து சாட்சியாகிறார்.

இவ்வேட்டின் முழுமை மிக்க படி 1923-இல் மஷ்ஹது நகரில் கண்டெடுக்கப்பட்டது. 1976-இல் அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் இதனையும் பழைய ஆங்கிலக் காவியமாகிய 'பேயோவுல்ஃப்' கதையையும் பிணைத்து ஒரு புதினம் புனைந்தார். அது 'பதின்மூன்றாம் வீரன்' என்று பொருள்படும் பெயரில் 1999-இல் ஜான் மெக்டீர்னன் இயக்கத்தில் படமாயிற்று. இப்னு ஃபழ்லானாக நடித்தவர் அந்தோனியோ பாண்டராஸ். உடன் எகிப்தின் உமர் ஷரீபும் சிறு வேடத்தில் தோன்றினார். வடபுலத்துக் கதையென்று நாம் காணும் காடும் கரையும் கனடாவைச் சேர்ந்தவை. பெரும்பொருள் செலவிட்டும் படம் வணிகத்தில் தோற்றது.

நல்லதை முதலில் சொல்வது திறனாய்வின் அறம். தீமூட்டத்தைச் சுற்றி அமர்ந்து இரவுதோறும் செவிமடுத்தே வடவர் மொழியை அவர் கற்கும் காட்சி அருமையானது. எழுத்தறிந்தவராய், கூர்மதியினராய் ஒரு முஸ்லிமைக் கதைத்தலைவராக்கியதும் மேலைத் திரையுலகில் அரிய செயலே. 1964-இல் வந்த 'நெடுங்கப்பல்கள்' என்னும் பொருள்படும் படத்தில் சிட்னி பாய்ட்டியே ஏற்ற மூர் இளவரசன், பொன்மணி ஒன்றின் மீது பித்துக்கொண்ட கொடியவனாகவே வருகிறான். அதற்கு மூலமான சுவீடிய நாவலிலோ, வடநாட்டு வீரர் குர்துபாவில் அல்-மன்சூரின் காவற்படையில் பணிபுரிந்த பகுதி சுவையோடு விரிகிறது. படமெடுத்தவர் அதனைக் கைவிட்டார்.

ஆயினும் 'பதின்மூன்றாம் வீரன்' செய்த பிழைகள் சிறியன அல்ல. மார்க்கப் பணிக்குச் சென்ற தூதரை, பிறன்மனை மீது கண்வைத்ததால் நாடுகடத்தப்பட்ட கவிஞராக்கினர். போருக்கு முன் அவர் செய்யும் இறைஞ்சுதலில் இறைவனைத் 'தந்தை' என விளிக்க வைத்தனர். சூரத்துல் இக்லாஸை ஓதும் நம் வீட்டுக் குழந்தைகூட அதனைப் பிழையென்று சொல்லும். இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. கொல்லப்படவிருந்த அந்த அடிமைப் பெண்ணின் வாயில் வைக்கப்பட்ட சொற்களை, இறுதிப் போரில் வீரர்கள் ஒருங்கே முழங்கும் வீரமொழியாக மாற்றிவிட்டனர். கேட்போர் மெய்சிலிர்க்கின்றனர். அவள் அலறலை அன்று கேடய ஓசை மறைத்தது. இன்று திரையரங்கின் இசை மறைக்கிறது.

இதனைச் சொல்லும் நாம் நம் பக்கத்து உண்மையையும் மறைத்தல் ஆகாது. அப்படம் வெளிவந்த அதே 1999-இல், சுவீடனின் கோத்லாந்துத் தீவில் வைக்கிங் காலத்து வெள்ளிப் புதையல் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம்கள். தோலும் அடிமைகளும் தெற்கே வந்ததற்கு ஈடாக வடக்கே சென்ற வெள்ளி அவ்வகையது. அந்தச் சந்தையின் மறுகரையில் நம்மவரும் நின்றனர். 2022-இல் ராபர்ட் எக்கர்ஸ் இயக்கிய வைக்கிங் படம், ஊர்கள் சூறையாடப்படுவதையும் மனிதர் அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்படுவதையும் ஒப்பனையின்றிக் காட்டியது. அவ்வளவில் அது பாராட்டுக்குரியது.

இனி நம் தமிழ்ப்படங்கள். 2011-இல் வந்த 'கோ' படத்தின் குழுவினர் பாடற்காட்சிக்காக நார்வேக்கே சென்றனர். மலையும் நீரும் கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்நிலத்து மனிதர் எங்கே? முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பது நம் இலக்கணம். நார்வேயில் விளைநிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. அந்த வறுமையும் அவர்களைக் கடலில் இறக்கிய காரணங்களுள் ஒன்று. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கண்மாய் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டி, கரிமூட்டத்தில் பிழைப்பு நடக்கும் பூமி மனிதரை எங்கெங்கோ அனுப்பும் என்பதை நாம் அறிவோம். பனியைக் காட்டியவர்கள் அதன் பஞ்சத்தைக் காட்டவில்லை.

இதே சீமையை அடுத்த மதுரைக்கு 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா வந்தார். காரியாபட்டியிலிருந்து ஒரே நாளில் நடந்து சேரும் தொலைவே அது. அங்கு ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர். அச்சுல்தான் சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு, வேறெந்த மன்னரும் செய்யாத கொடுமை என்று அவர் கடிந்தெழுதினார். உறவையும் பாராமல், தம்மவர் என்பதையும் பாராமல் சொன்ன சான்று அது.

படம் பார்க்கலாமா கூடாதா என்னும் வாதம் நம் இல்லங்களில் இன்னும் முடியவில்லை; பிள்ளைகளோ கைபேசியிலேயே பார்த்து முடித்துவிடுகின்றனர். தடுப்பதைவிட, பார்த்ததற்கு அருகில் மூல ஏட்டையும் வைத்து உசாவப் பழக்குவதே நாம் செய்யத்தக்கது. இப்னு ஃபழ்லானின் பயணக்குறிப்பும், இப்னு பதூதாவின் மதுரைப் பகுதியும் எளிய தமிழில் குறிப்புரையோடு ஒவ்வொரு வீட்டு நூலடுக்கிலும் இடம்பெற வேண்டும். வாள் ஏந்திய வீரனைத் திரை நன்றாகவே காட்டிவிட்டது. அவனருகே நின்று, கேடய ஓசையின் காரணத்தை எழுதிவைத்த மனிதரை நம் பிள்ளைகளுக்கு நாமே காட்டியாக வேண்டும்.