புயல் தானாக ஓயுமா? டக்மனின் நான்கு கட்டங்கள்

ஐடி கம்பெனியில் லீடர்ஷிப் ட்ரெய்னிங் போனவர்களுக்கு இந்த நாலு வார்த்தை பழக்கமாக இருக்கும்: ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங். புதுசா சேர்ந்த குழு முதலில் ஒருத்தரையொருத்தர் எடை போடும், அப்புறம் முட்டிக்கொள்ளும், பிறகு தங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகும், கடைசியில் வேலை ஓடும். கேட்கிறப்ப சரியாத்தான் படுகிறது. ஆனால் பல மேனேஜர்கள் இதைப் பஞ்சாங்கம் மாதிரி பார்க்கிறார்கள். "ஸ்டார்மிங்ல இருக்காங்க, தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

மூலக் கட்டுரை அப்படிச் சொல்கிறதா? ப்ரூஸ் டக்மன் அதை 1965இல் 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' இதழில் எழுதினார். அதற்காக அவர் புதிதாக எந்தக் குழுவையும் ஆராயவில்லை. அதுவரை வெளிவந்திருந்த 50 கட்டுரைகளைப் படித்து, பொதுவாகத் தெரிந்ததைத் தொகுத்தார். அவற்றில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களையும், தன்னையும் பிறரையும் புரிந்துகொள்ளக் கூடும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அங்கே மனசைத் திறந்து பேசுவதுதான் வேலையே. டெட்லைன் கிடையாது, அப்ரைசல் கிடையாது, ஒருத்தர் ப்ரமோஷன் இன்னொருத்தர் கையில் இல்லை.

டக்மன் இதை மறைக்கவில்லை. சிகிச்சைக் குழுக்கள் அளவுக்கு மீறி இடம்பெற்றிருப்பதை அவரே குறிப்பிடுகிறார். வேலையை எதிர்த்து எழும் உணர்ச்சிக் கொந்தளிப்பு, தன்னை மாற்றிக்கொள்ளக் கூடிய குழுக்களில்தான் நன்றாகத் தெரியும். அறிவு சார்ந்த, சொந்த விஷயம் கலக்காத வேலைகளில் அவ்வளவு தெரியாது என்றும் சொல்கிறார். சாஃப்ட்வேர் டீம் இதில் எந்தப் பக்கம் வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, குழு கலைவதை ஐந்தாவது கட்டமாகச் சேர்த்தார். அப்போதும் இந்த வரிசையை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்றே ஒன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது. ஸ்லைடில் இதெல்லாம் வருவதில்லை.

1988இல் கானி கெர்சிக் எட்டு ப்ராஜெக்ட் குழுக்களைப் பற்றி எழுதினார். எல்லாக் குழுவுக்கும் பொதுவான படிவரிசை கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் முதல் மீட்டிங்கிலேயே ஒரு போக்கைப் பிடித்துக்கொண்டு, டெட்லைனுக்குப் பாதி தூரம் வந்ததும் அதை மாற்றியது. மாற்றத்தைக் கொண்டுவந்தது 'கட்டம்' அல்ல, காலண்டர்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. இரண்டு சீனியர்கள் மாசக்கணக்கா கோட் ரிவ்யூவில் மோதிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கிடக்கிற கேள்வி, டிசைனில் கடைசி வார்த்தை யாருடையது என்பது. அதை முடிவு செய்யவேண்டியவர் 'ஸ்டார்மிங்' என்று பெயர் வைத்துவிட்டால், முடிவு செய்யும் பொறுப்பிலிருந்து தப்பித்துவிடுகிறார். ஒருநாள் இருவரில் ஒருத்தர் பேப்பர் போடுவார். சத்தம் அடங்கிவிடும். அதை நார்மிங் என்று ஸ்லைடில் எழுதிக்கொள்ளலாம்!

சண்டை வந்தாலே டீம் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம் என்பது டக்மனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல விஷயம். ஆனால் அது எப்போது, எப்படி முடியும் என்று அந்த நாலு வார்த்தையில் பதில் கிடையாது. உங்கள் டீமில் யாராவது "இது ஸ்டார்மிங்" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சண்டை எதைப் பற்றி? அதில் முடிவு சொல்லவேண்டியவர் யார்?