பேய்க்கதையும் சிறுபொழுதும்

நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மாந்தர் தோன்றுவதற்கு முன்பே அவர்கள் நிற்கும் இடமும் நேரமும் முடிவாகிவிட வேண்டும் என்பது அதன் உட்பொருள். அகப்பாட்டுக்குச் சொன்ன இவ்விலக்கணம் பேய்க்கதைக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். காதலர் எப்பொழுது சந்தித்தாலும் அவர்கள் காதலரே. பேய் அவ்வாறன்று. பட்டப்பகலில் சந்தைக்கடையில் நிற்கும் வெள்ளைச் சேலைப் பெண்ணைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. அதே பெண் வேறொரு பொழுதில் புளியமரத்தடியில் நின்றால் கதை பிறந்துவிடுகிறது. ஆகவே பேய்க்கதை எழுதுவோன் முதலில் செய்ய வேண்டிய வேலை பொழுதைத் தேர்ந்தெடுப்பதே.

நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை என்பது என் குறை. நம் ஞாயிறு மலர்களிலும் தொகுப்புகளிலும் காணும் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் தொடங்குகின்றன. சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு முறை அடிக்கும், நாய் ஊளையிடும், கதவு கிறீச்சிடும். தோட்டப்புறக் கதையாயினும் பன்னிரண்டு மணிதான், ஈப்போ நகரத்துக் கதையாயினும் பன்னிரண்டு மணிதான், சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டுக் கதையாயினும் பன்னிரண்டு மணிதான். மணியடிக்கும் பெரிய சுவர்க்கடிகாரம் நம் தோட்டத்து லயத்து வீடுகளில் எத்தனை இருந்தன என்று இவ்வாசிரியர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பன்னிரண்டு மணி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்தும் அதைப் பின்பற்றிய திரைப்படத்திலிருந்தும் வந்தது. சேக்சுபியரின் ‘ஆம்லெட்’ நாடகத்தில் மன்னனின் ஆவி நள்ளிரவுக்குப் பின் கோட்டைச் சுவர் மேல் தோன்றுகிறது. சேவல் கூவியதும் மறைகிறது. அங்கே காவலர் முறை மாறும் நேரம் நள்ளிரவு. குளிரில் நடுங்கி விழித்திருப்பவர்கள் அவர்களே. ஆகவே ஆவியைக் காண்பவர்களும் அவர்களே. பொழுதும் தொழிலும் அங்குப் பிணைந்திருக்கின்றன. நாம் அந்தப் பிணைப்பை விட்டுவிட்டு மணியோசையை மட்டும் இறக்குமதி செய்தோம். இப்பொழுது இன்னொரு இறக்குமதியும் வந்துவிட்டது. பதிவுக் கருவிகளுடன் பாழ்வீடுகளில் ஆவி தேடச் செல்லும் இளைஞர்கள் அதிகாலை மூன்று மணியே தக்க நேரம் என்கிறார்கள். ஏசுநாதர் உயிர்நீத்த பிற்பகல் மூன்று மணிக்கு நேர் எதிரானது அது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நம் முனியாண்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரில்லை.

ஆங்கில நாட்டிலேயே கூட ஆவிகள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. எசெக்சு வட்டாரத்துப் போர்லி என்னும் ஊரின் பாதிரியார் இல்லம் ஆவி ஆராய்ச்சியாளர் நடுவே பெரும்பெயர் பெற்றது. ஆரி பிரைசு என்பவர் 1937-ல் அவ்வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, பார்வையாளர் பலரை முறைவைத்துக் காவலிருக்கச் செய்தார். ஆனால் அவ்வீட்டுக்குப் புகழ் தந்த கன்னித்துறவியின் உருவத்தைப் பாதிரியாரின் புதல்வியர் கண்டதாகச் சொன்னது 1900 சூலை 28 அன்று, அந்திப்பொழுதில், திறந்த புல்வெளியில். இதில் வியப்பில்லை. நம் கண்ணுக்குள் ஒளியில் வேலை செய்யும் அணுக்கள் வேறு. இருளில் வேலை செய்பவை வேறு. முன்னவை ஓய்ந்து பின்னவை முழு ஆற்றல் பெற அரைமணி வரையிலும் ஆகும். அந்தியில் நாம் நிறத்தை இழந்துவிடுகிறோம். உருவத்தையும் சரியாகப் பிடிப்பதில்லை. மலாய்க்காரத் தாய்மார்கள் ‘சென்ஜா’ என்னும் அந்தி வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதும், நம் பாட்டிமார் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் உட்காராதே என்பதும் ஒரே பட்டறிவின் இரு வடிவங்கள்.

நம் பழைய இலக்கியம் நள்ளிரவை மட்டும் பேய்க்கு எழுதி வைத்துவிடவில்லை. திருமுருகாற்றுப்படையின் பேய்மகள் போர்க்களத்தில் துணங்கை ஆடுகிறாள். அவளை அங்கு அழைத்தவை பிணங்களே. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியே சுடுகாட்டுக்குள் சென்று, தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடி, தாயிடம் சொல்லி உயிர் விடுகிறான். சாத்தனார் அங்கே சுடுகாட்டைத்தான் அங்குலம் அங்குலமாக வரைகிறார். கலிங்கத்துப்பரணி இன்னும் துணிச்சலானது. செயங்கொண்டார் தம் பேய்களைக் குடிவைத்தது வெயில் கொளுத்தும் பாலையில். நிழலுக்கும் நிற்க இடமில்லாத காட்டில். பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்பதை இங்கு நினைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் உச்சி உருமத்தில் கிணற்றடிக்கும் புளியந்தோப்புக்கும் தனியே போகாதே என்று சொல்வதற்கும் இப்பரணிக்கும் இடையே அறுபடாத நூல் ஒன்று ஓடுகிறது. வெயிலுக்கு அஞ்சி ஊரே வீட்டுக்குள் அடங்கிவிடும் உச்சிப்பொழுதும் நள்ளிரவும் ஒன்றுதான். இரண்டிலும் தெருவில் ஆளில்லை.

பழையனூர் நீலி கதையை ஈண்டுத் தனியே எடுத்துப் பேச விரும்புகிறேன். எழுத்தாளர்கள் இதனிடம் கற்க வேண்டியது நிறைய. பழிவாங்கத் துடிக்கும் நீலி இருளில் பதுங்கிப் பாயவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று சொல்லி, ஊர்ச்சபையின் முன் வழக்கு உரைக்கிறாள். வேளாளர் எழுபதின்மர் அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாகத் தந்து, அவளுடன் அவனைத் தங்கச் செய்கின்றனர். கொலை நிகழ்வது இரவில்தான். ஆனால் கதையின் அச்சமெல்லாம் சபையிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. எல்லோர் முன்னிலையிலும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதே, உண்மை சொல்லும் ஒருவனை எவரும் நம்பவில்லை. மனிதன் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

புதுமைப்பித்தன் இதை நன்கு அறிந்திருந்தார். 1943-ல் வெளிவந்த ‘காஞ்சனை’யில் அந்தப் பெண் பிச்சைக்காரியாக வாசலுக்கு வருகிறாள், வீட்டு வேலைக்கு அமர்கிறாள். இரவு வருவது வாடையாக. பகலில் ஐயமாகவும் இரவில் அச்சமாகவும் ஒரே பொருளைப் பிரித்து வைத்தமையால்தான் அக்கதை இன்றும் நிற்கிறது. ஐயத்துக்குப் பகல் வேண்டும். நம்மவர் கதைகளில் பகலே கிடையாது, ஆகவே ஐயமும் கிடையாது, நேரே அலறல்தான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ரப்பர் தோட்டத்தில் பேயின் பொழுது எது? விடை மரத்திலேயே இருக்கிறது. பால்மரத்தின் பட்டைக்குள் உள்ள அழுத்தம் விடியலுக்கு முன் மிகுதியாக இருக்கும்; வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து அழுத்தம் குறையும்; பாலும் குறையும். ஆதலால்தான் சங்கு ஊதியதும் இருளோடு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள் நம் மக்கள். நள்ளிரவில் அவர்கள் அசதியில் உறங்கிக் கிடந்தார்கள். நள்ளிரவில் வந்த பேய் எவரையும் காணாமல் திரும்பியிருக்கும். இருளைக் கண் விழித்துச் சந்தித்த பொழுது வைகறை ஒன்றே. வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை என்பார் இலக்கணத்தார். அங்கே பரத்தை வீட்டிலிருந்து தலைவன் மீளும் நேரம் அது. இங்கே தலைவி வாளியோடு காட்டுக்குள் நுழையும் நேரம்.

அந்த நேரத்தில் என்னென்ன அச்சங்கள் இருந்தன என்று பட்டியலிட வேண்டியதில்லை. பாம்பு இருந்தது, காட்டுப்பன்றி இருந்தது, சில வட்டாரங்களில் புலி இருந்தது. தனி நிரையில் நின்ற பெண்ணுக்கு இவை எல்லாவற்றையும் விட இருகால் விலங்கின் அச்சம் பெரிது. ‘நேற்று ஐந்தாம் நம்பர் காட்டில் வெள்ளையாக ஒன்று நின்றது’ என்று ஒருத்தி சொன்னால், மறுநாள் அவளைத் தனியே அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. சொல்ல முடியாததைச் சொல்லும் மொழியாகப் பேய் பயன்பட்டது. இந்த ஒன்றை வைத்தே ஒரு நல்ல நாவல் எழுதலாம். எழுதப்படவில்லை என்பதல்ல என் வருத்தம். பன்னிரண்டு மணிக் கதைகள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதே.

தொழிலின் நேரமே பேயின் நேரம் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1970-களில் இந்நாட்டின் ஏற்றுமதித் தொழில் வட்டாரங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமத்திலிருந்து வந்த இளம் மலாய்ப் பெண்கள் முறைமாற்று வேலையில் அமர்ந்தனர். அவர்களுள் சிலர் உருப்பெருக்காடியில் பேயைக் கண்டு அலறினர். அலறல் தொற்றிப் பரவியது. நிருவாகத்தார் போமோவை அழைத்துச் சடங்கு செய்வித்தனர். அய்வா ஓங் என்னும் மானிடவியலார் 1987-ல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து, கட்டுப்பாட்டுக்கு எதிரான குமுறலாக இதை விளக்கினார். இப்பேய்கள் கடிகாரம் பார்த்து வரவில்லை. முறைப்பட்டியல் பார்த்து வந்தன.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி என்று உறுதியாக எழுதும் நண்பர்கள், இந்நாட்டின் பன்னிரண்டு மணி ஓரிடத்தில் நின்றதில்லை என்பதை அறிவார்களா? சப்பானியர் ஆட்சியில் நம் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தைக் காட்டின. 1945-க்குப் பின் அவை ஒன்றரை மணி பின்னே வந்தன. 1982 சனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரைமணி முன்னே தள்ளப்பட்டன. கோலாலம்பூரில் ஞாயிற்றின் கணக்குப்படி உண்மையான நள்ளிரவு இப்பொழுது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு வருகிறது. 1981-ல் பன்னிரண்டே முக்காலுக்குச் சற்று முன்பும், சப்பானியர் காலத்தில் இரண்டேகாலுக்குச் சற்று முன்பும் வந்தது. கடிகாரத்தை நம்பிப் பன்னிரண்டுக்கு எழும் பேய் இருளின் நடுப்பகுதியைத் தவறவிட்டுவிடும். முன்னோர் யாமம் என்றும் நாழிகை என்றும் கணக்கிட்டது எவ்வளவோ மேல்; அது வானத்தைப் பார்த்த கணக்கு.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுவோர் பழத்தைக் கண்ணால் பார்த்து வெட்ட வேண்டியிருப்பதால் வெளிச்சம் வந்த பிறகே வேலை. வைகறை அச்சம் அங்கே இல்லை. ஆனால் இரவில் வேறொன்று பறக்கிறது. எலிகளை ஒழிக்க 1980-களிலிருந்து பல தோட்டங்களில் கூடு வைத்துக் கூகைகளை வளர்த்தார்கள். வெள்ளை முகமும், ஓசையற்ற சிறகும், பெண் அலறுவது போன்ற குரலும் உடைய அப்பறவையைத் தோட்ட நிருவாகம் மருந்துச் செலவைக் குறைக்க அழைத்து வந்தது. பேய்க்கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்? தகரக் கூரையும் அப்படித்தான்; பகலெல்லாம் காய்ந்து இருட்டியதும் குளிர்ந்து சுருங்கி டக்கென்று ஒலிக்கும். லயத்தில் வளர்ந்தவர்கள் அந்த ஒலியை மறந்திருக்கமாட்டார்கள். கதை எழுத உட்காரும்பொழுது மட்டும் ஏன் மறக்கிறார்கள்?

சீனர்கள் தம் பசித்த ஆவிகளுக்கு ஏழாம் திங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் கெத்தாய் மேடைகளில் முன்வரிசை நாற்காலிகளை அவற்றுக்காகக் காலியாக விட்டு மாலையில் பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். ஆவிக்கும் ஒரு நேரம், மனிதருக்கும் அதே நேரம். அருகருகே உட்கார்ந்து பார்க்கலாம். நம் கதைகளில் இல்லாத ஓர் உறவு அதில் இருக்கிறது.

நம்மிடமும் இறந்தவர்க்கு நேரம் குறிக்கும் முறை உண்டு. அதற்குத் திதி என்று பெயர். இறந்த நாள் தெரிந்தால்தான் திதி குறிக்க முடியும். 1942-லிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. எந்த முகாமில், எந்த நாளில், எந்தப் பொழுதில் இறந்தார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல ஆளில்லை. திதி தெரியாதவர்க்கு மகாளய அமாவாசையில் செய்யலாம் என்று சாத்திரம் இடம் தருகிறது. ஆனால் கணவன் இறந்துவிட்டான் என்றே உறுதியாகத் தெரியாத பெண் எந்த அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கச் சொல்வாள்? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் வீட்டுக் கதவை, பெரட்டுக்குச் சங்கு ஊதும் முன் யாரோ தட்டுகிறார்கள். அவள் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் அது உயிரோடு வந்தவனா அல்லவா என்று எண்ண வேண்டும். அந்தக் கதைக்குக் கடிகாரம் தேவைப்படாது.