உடையக் கூடாத வரி

அண்மையில் கைக்கு வந்த ஒரு மௌலித் விளக்க நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கு. தமிழுரை தெளிவானது; உழைப்பும் தெரிகிறது. குறை பக்கமாக்கத்தில். தமிழ் வரிகளுக்கிடையே அரபில் வரும் கலிமா இரண்டாக உடைந்து, மேல்வரியில் ‘இல்லல்லாஹ்’, கீழ்வரியில் ‘லா இலாஹ’ என்று கிடக்கிறது. வலமிருந்து ஓடும் எழுத்தை மென்பொருள் இடமிருந்து மடித்த விளைவு. கல்முனைக்குடியில் எங்கட ஓதப்போற சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும்.

அச்சுப்பிழைதானே என்று விட ஏலாது; பொருளே கவிழ்கிறது.

1977இல் தன் நூலின் அச்சுப்படி அழகில்லாமல் வந்ததைக் கண்டுதான், கணினி அறிஞர் டொனால்ட் நூத் ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு முறையை ஆக்கத் தொடங்கினார். அதன் பலம் மேக்ரோ: பல கட்டளைகளை ஒரே பெயரில் முடிந்து வைப்பது. அதன் வழிவந்த சீடெக், யூனிகோட் தமிழையும் அரபையும் ஒரே பக்கத்தில் கோக்கும். அதில் ‘கலிமா’ என்று ஒரு மேக்ரோ எழுதினால், எழுத்துரு, அளவு, வலமிருந்து ஓட்டம், வரி உடையாமை எல்லாம் அதற்குள் அடங்கும். ‘ஸல்’ குறியும் நபிகளாரின் பெயரை விட்டு அடுத்த வரிக்கு ஓடாது. ஓரிடத்தில் திருத்தினால் நூல் முழுக்கத் திருந்தும்.

மேக்ரோ பிழைத்தால் நூல் முழுக்கப் பிழைக்கும் என்பதும் உண்மை. ஆகவே ஓதத் தெரிந்த ஒருவர் கடைசிப்படியைப் பார்க்கத்தான் வேணும். ஆனால் அவர் கண்ணை மட்டும் நம்பி, விதியே இல்லாமல் கலிமாவை அச்சேற்றுவது பதிப்பல்ல, அசட்டை.