அனுமதி உண்டு, ஆள் இல்லை

2023 மார்ச்சில் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் மருத்துவர் சொன்னபடி வகுப்பு நேரத்திலேயே சர்க்கரை அளவைப் பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் ஆசிரியர்கள் விட வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேசம் அதை உத்தரவாகவே போட்டது. பாடம் நடக்கும்போது பிஸ்கட் கடித்தால் எழுப்பி நிற்க வைக்கும் வகுப்பறைகளில் இது சின்ன விஷயம் அல்ல.

கடிதம் அதிகம் மெனக்கெடுவது தேர்வு அறைக்குத்தான். சர்க்கரை மாத்திரை கொண்டுபோகலாம்; பழம், பிஸ்கட், தண்ணீர், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் எல்லாம் கண்காணிப்பாளரிடம் இருக்கலாம். சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும் சென்சார் பொருத்திய பிள்ளை அந்தப் போனையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நல்லது. சர்க்கரை இறங்கி அந்த போன் அலறும்போது, அதை அவர் சைலன்ட்டில் போட மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அவருக்கென்று ஒரு பயிற்சியும் விதிக்கப்படவில்லை. (2017-இல் சி.பி.எஸ்.இ. தேர்வறைக்கு அனுமதித்த பட்டியலில் சாக்லேட்டும் உண்டு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு குளுக்கோஸ்தான் சரி.)

அடிப்படைக் குறை வேறு. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் அனுமதி பயன்படும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை சாப்பாட்டைப் பார்த்து அளவு கணக்கிடுமா? சர்க்கரை 70-க்குக் கீழே போய்த் தடுமாறும் பையன் கையைத் தூக்கி அனுமதி கேட்பானா? யார் செய்வது என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்புவது, மதிய மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நிற்கும் அம்மா.

இதே கேள்வி கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் வரை போனது. அங்கே முழுநேர செவிலியர் இருந்தது சுமார் 5 சதவீதப் பள்ளிகளில் மட்டும். ஆனாலும் இன்சுலின் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து, உரிமம் பெற்றவர்தான் போட வேண்டும் என்று செவிலியர் சங்கங்கள் வாதாடின. மருத்துவரின் எழுத்துமூல உத்தரவும் பெற்றோர் சம்மதமும் இருந்தால், பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் போடச் சட்டத்தில் தடையில்லை என்று 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

செவிலியர்களின் அச்சத்தை ஒதுக்க முடியாது. நம் ஆசிரியர்களுக்கும் அதே பயம் இருக்கும். ஆனால் அது ஊசிக்குப் பொருந்துமே தவிர, சர்க்கரை இறங்கினால் செய்யும் முதலுதவிக்குப் பொருந்தாது. நினைவோடு இருக்கும் பிள்ளைக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க எந்த உரிமமும் வேண்டாம். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆக, உரிமைச் சீட்டாக இந்தக் கடிதம் தேறுகிறது. பராமரிப்பு விதியாகத் தேறவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட திட்டம், பள்ளிக்கு இரண்டு பயிற்சி பெற்றவர்கள், அவர்கள் நல்லெண்ணத்தில் செய்ததற்குச் சட்டப் பாதுகாப்பு: இந்த மூன்றும் எழுத்தில் வராதவரை ஊசிக்கான பொறுப்பு அம்மா தலையில்தான்.