வைகைக்கு வாய்கள் பல

மேகமலையில் பெய்யும் மழை இரண்டு பக்கமும் இறங்குகிறது. மேற்குச் சரிவில் சுருளி அருவியாகக் கொட்டிக் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்கிறது. கிழக்கில் கோம்பைத்தொழுப் பக்கம் சின்னச் சுருளியாக விழுந்து, வருசநாட்டின் மூல வைகையில் கலக்கிறது. நடுவே மலையே குறுக்கே நின்றாலும் இரு நீரும் வடக்கு நோக்கியே ஓடி, வைகை அணைக்கு முன்னால் ஒன்றாகிவிடுகின்றன. பிரித்த மலையே சேர்த்தும் வைக்கிற நேர்த்தி இது.

மேற்குக் கிளைக்கு ஒரு துணையும் உண்டு. பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய, 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே லோயர் கேம்புக்கு இறங்குகிறது. அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் கம்பத்து வயலில் இரண்டு போகம் விளைவித்துவிட்டுக் கிழக்கே நடக்கிறது. மூல வைகையோ மழை பெய்தால் வெள்ளம், பொய்த்தால் வெறும் மணல்.

அணையைக் கடந்ததும் ஆறு மெல்லத் தென்கிழக்கே திரும்பி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று போகிறது. காவிரி கடலை நெருங்கும்போது கிளைகளாகப் பிரிந்து விரியும். வைகை விரிவது கண்மாய்கள் எனும் ஏரிகளில். ஆற்றிலிருந்து வரத்துக்கால் வழியே வரும் நீர் ஒரு கண்மாயை நிரப்பும். மடை வழியே வயலுக்குப் போனது போக மிஞ்சியது கலுங்கு எனும் மிகைநீர்ப் போக்கியில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்களைப் பாருங்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் இடைவெளியை மண்ணால் அடைத்தால், கண்மாய் இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் மண் கரைந்து வழிவிடும், கல் நிற்கும். எவ்வளவு நுட்பமான கணக்கு!

கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அதற்கும் மிஞ்சிய வெள்ளம்தான், சுமார் 258 கிலோமீட்டர் கடந்து, ஆற்றங்கரை என்றே பெயர் கொண்ட ஊரருகே பாக் நீரிணையைத் தொடுகிறது. பக்கத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இந்தச் சிறிய முகத்துவாரத்தை அன்றைய கடலோடிகள் அறிந்திருந்தார்கள்.

முகத்துவாரத்தின் அகலத்தை வைத்து ஆற்றை மதிப்பவருக்கு வைகை சிறிதாகத்தான் தெரியும். அதன் உண்மையான வாய்கள் மடைகளும் கலுங்குகளும்தான். ஒரு வரத்துக்கால் தூர்ந்துபோனால் வைகையின் ஒரு வாய் அடைபடுகிறது. அதைத் தூர்வாரும் ஊர் அந்த வாயைத் திறந்துவிடுகிறது.