ராசி யுகக் கோட்பாடும் தமிழ்க் காலக்கணிப்பும்: சிங்கப்பெருமாள் கோவிலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சம இராப்பகல் புள்ளி விண்மீன் பின்புலத்தில் பின்னோக்கி நகர்வதை அடிப்படையாகக் கொண்டு, ஏறத்தாழ 2150 ஆண்டுகளுக்கு ஒருமுறை மானுட நாகரிகமும் சமய நம்பிக்கையும் உருமாறுகின்றன என உரைப்பது ராசி யுகக் கோட்பாடு. இக்கட்டுரை அதனைத் தமிழ்ச் சான்றுகளின் துணையோடு மதிப்பிடுகிறது. சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் குடைவரை, நெடுநல்வாடையின் ராசிக் குறிப்பு, தமிழ்ப் புத்தாண்டு விவாதம் ஆகியன முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. வானின் நகர்வு நம்பிக்கையை மாற்றியது என்பதற்கு இச்சான்றுகள் துணை நிற்கவில்லை; நம்பிக்கை அந்நகர்வைப் பொருட்படுத்தாமல் நிலைத்தது என்பதையே காட்டுகின்றன.

திறவுச்சொற்கள்: ராசி யுகம், அயன சலனம், நரசிம்மர், நிராயனம், சாயனம், பஞ்சாங்கம், காலக்கணிப்பு

முன்னுரை

இலக்கியங்களின் காலத்தை வானியல் குறிப்புகளைக் கொண்டு கணிப்பது தமிழாய்வில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவும் முறையாகும். எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை பரிபாடல் 11ஆம் பாடலின் கோள்நிலையைக் கி.பி. 634 எனவும், சிலப்பதிகாரக் குறிப்புகளைக் கி.பி. 756 எனவும் கணித்தார். அம்முடிவுகளை ஏற்றோரும் மறுத்தோரும் உண்டு. எனினும் அவர் கையாண்டது சரிபார்க்கத்தக்க கணக்கு. தவறெனில் எங்குத் தவறு எனச் சுட்டிக்காட்ட இயலும். அண்மைக்காலத்தில் தொன்மை பேசும் எழுத்துகளில் புகுந்துள்ள ராசி யுகக் கோட்பாடு அத்தகையதன்று. ஒரு தெய்வ வடிவத்திலோ ஒரு நூலிலோ விலங்குருவைக் கண்டு, அவ்விலங்கின் ராசி யுகத்திற்கு அதனைக் கொண்டு செல்லும் இப்போக்கு, கணக்கின் தோற்றத்தை மட்டுமே பெற்றிருக்கிறது. தமிழ்த் தொன்மை பற்றிய நேர்மையான வாதங்களுக்கும் இதனால் ஊறு நேர்கிறது என்பதாலேயே இதனை ஆராய வேண்டியுள்ளது.

கணக்கும் கோட்பாடும்

அயன சலனம் மறுக்க இயலாத வானியல் உண்மை. புவியின் சுழல்அச்சு பம்பரத்தின் தள்ளாட்டம் போல மெல்லச் சுற்றுவதால் சம இராப்பகல் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50.3 விகலை பின்னகர்கிறது. ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டுகளும் முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகளும் ஆகும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் இதனை உணர்ந்தார். இந்திய மரபில் சூரிய சித்தாந்தம் இதனை 27 பாகை அளவிலான ஊசலாட்டமாகக் கருதியது. மஞ்சுளரின் லகுமானசம் (கி.பி. 932) தொடர்ந்த நகர்வாகக் கொண்டது.

இம்முழுச்சுற்றைப் பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாகரிகப் பண்பை ஏற்றியபோதுதான் கோட்பாடு பிறந்தது. ரிஷப யுகத்தில் காளை வழிபாடு, மேட யுகத்தில் ஆட்டுக்கடாப் பலி, மீன யுகத்தில் கிறித்தவத்தின் மீன் குறியீடு, இனி வருவது அறிவியலின் கும்ப யுகம் என இது விரியும். சமயங்கள் யாவும் வான்நிகழ்வுகளின் உருவகங்களே எனப் பிரெஞ்சு அறிஞர் துய்புய் 1795இல் வாதிட்டதில் இதன் வேர் உள்ளது. கார்ல் யுங் 1951இல் வெளியிட்ட 'ஐயோன்' நூல் மீன் குறியீட்டை உளவியல் நோக்கில் விரித்து இதற்கு அறிவுலக மதிப்பைத் தேடித் தந்தது. சென்னை அடையாற்றுக்கும் இக்கதையில் இடமுண்டு. 1882இல் அங்குத் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபை, மூல இனங்களின் சுழற்சியையும் லெமூரியாவையும் தன் நூல்களில் பேசியது. புதிய உலக ஆசானை எதிர்நோக்கி 1911இல் தொடங்கப்பட்ட விண்மீன் சங்கத்தை, அவ்வாசானாகக் கருதப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தியே 1929இல் கலைத்தார். குமரிக்கண்ட எழுத்துகள் லெமூரியாவை எடுத்துக்கொண்ட அளவிற்கு இக்கலைப்பை நினைவில் கொள்ளவில்லை.

யுக்தேஸ்வர் கிரி 1894இல் எழுதிய கைவல்ய தரிசனம் நான்கு யுகங்களை 24,000 ஆண்டுச் சுழற்சிக்குள் அடக்கியது. இவ்வெண் ஆண்டுக்கு 54 விகலை நகர்வு என்னும் கணக்கிற்கு ஒத்தது. சூரிய சித்தாந்தம் தன் ஊசலாட்டத்திற்குத் தந்த வீதமும் அதுவே. உற்றுநோக்கலால் கிடைக்கும் 50.3 விகலையோடு அது பொருந்தவில்லை. பஞ்சாங்க மரபின் கலியுகமோ கி.மு. 3102இல் தொடங்கி 4,32,000 ஆண்டுகள் நீள்வது. ராசி நகர்வோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை.

எல்லைகள் எங்கே என்பதே இக்கோட்பாட்டின் முதற்சிக்கல். விண்மீன் தொகுதிகள் சம அளவினவல்ல. கன்னித் தொகுதி பரந்தது, கடகம் சிறியது. இன்று வானியலார் கொள்ளும் எல்லைகள் 1930இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வெளியிட்டவை. சம இராப்பகல் புள்ளி அவ்வெல்லைப்படி கும்பத்தில் நுழைய இன்னும் ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் ஆகும். கும்ப யுகத் தொடக்கம் குறித்து எழுதியோர் கூறிய ஆண்டுகளை நிக்கோலஸ் கேம்பியன் தொகுத்தபோது அவை 1447 முதல் 3597 வரை பரவியிருந்தன. இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு 2150 ஆண்டுகள். அதாவது ஒரு முழு யுகம்.

சிங்கமும் சிம்மமும்

செங்கற்பட்டுக்கு வடக்கே, திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்தடத்தின் தென்கோடியில் அமைந்தது சிங்கப்பெருமாள் கோவில். ஊருக்குப் பெயர் தந்தவர் பாடலாத்ரி நரசிம்மர். பாடலம் என்பது செந்நிறம், அத்ரி என்பது மலை. கருவறை குன்றைக் குடைந்து அமைந்ததால் இறைவனை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றிவர வேண்டும். இக்குடைவரை பல்லவர் காலத்தது எனக் கருதப்படுகிறது.

ராசி யுகக் கோட்பாட்டை இங்குப் பொருத்துவோர்க்கு விடை எளிது: நரசிம்மம் சிம்ம யுகத்தின் நினைவு, ஆகவே கி.மு. 10,000 அளவிலானது. கிரகாம் ஹான்காக்கும் ராபர்ட் பவாலும் 1996இல் எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலைக்கு இதே முறையில் கி.மு. 10,500 எனக் காலம் குறித்தனர். எகிப்தியவியலாரோ அதனை கி.மு. 2500 அளவில் காஃப்ரே மன்னன் காலத்தது எனக் கொள்கின்றனர். சிங்கவுரு என்னும் ஒற்றுமை ஒன்றைத் தவிர இவ்வாதத்திற்கு வேறு ஆதாரமில்லை.

மரபின் உள்ளிருந்தே இதனைச் சோதிக்கலாம். தொண்டை மண்டலத்தின் மாமல்லபுரம் ஆதிவராகக் குடைவரையிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் எனத் தொடங்கும் அவதார வரிசையைத் தருகிறது. இவ்வரிசையில் மீன் முதலிலும் சிங்கம் நான்காவதாகவும் வருகின்றன. அயன சலனத்தில் மீன யுகத்திற்குப் பின் சிம்ம யுகம் வர வேண்டுமெனில் ஏழு ராசிகளைக் கடக்க வேண்டும். அதற்கு 15,000 ஆண்டுகள் ஆகும். இடையில் வரும் ஆமைக்கும் பன்றிக்கும் ராசி மண்டலத்தில் இடமே இல்லை. ஆமையை நண்டாகக் கொள்ளலாமே என்பார்க்கு, கடக யுகம் சிம்ம யுகத்திற்குப் பிற்பட்டது என்பதே விடை.

நரசிம்ம வழிபாடு தனக்கெனக் கொண்டுள்ள வான்குறிகளும் சிம்மத்தைச் சுட்டவில்லை. நரசிம்ம ஜயந்தி வைசாக மாத வளர்பிறைச் சதுர்த்தசி, நட்சத்திரம் சுவாதி, பொழுது அந்தி. சுவாதி துலா ராசியில் அமைவது. நரசிம்மருக்கும் சிம்ம ராசிக்கும் தொடர்பு இருந்திருப்பின், வழிபாட்டு நாளைக் குறித்தோர்க்கு அது தெரியாமற் போயிற்று என்று கொள்ள வேண்டிவரும். பகலும் அல்லாத இரவும் அல்லாத பொழுது, உள்ளும் அல்லாத புறமும் அல்லாத வாயில் எனப் பிரகலாதன் கதை எல்லைகளைப் பற்றியது. இக்கதையைப் பரிபாடல் 4ஆம் பாடல் அறிந்திருக்கிறது. தமிழில் நரசிம்மத்தின் தொன்மையைப் பேச அதுவே உறுதியான தொடக்கம். பன்னிரண்டாயிரம் ஆண்டுப் பழமையை விரும்புவோர்க்கு இது சிறியதாகத் தோன்றலாம்; ஆயினும் காட்டத்தக்க சான்று இதுதான்.

பன்னிரு சம ராசிப் பகுப்பு பாபிலோனில் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் உருவானது. கிரேக்க வழி அது இந்தியா வந்ததை வராகமிகிரர் ஆளும் கிரேக்க ராசிப்பெயர்களே காட்டும். ராசி என்னும் கருத்தே இல்லாத காலத்து மாந்தர், தாம் எந்த ராசியின் யுகத்தில் வாழ்கிறோம் என உணர்ந்து தெய்வங்களைப் படைத்தனர் என்பது எவ்வாறு பொருந்தும்? உணராமலே வான் அவர்களை இயக்கியது என்பாராயின், அது ஆய்வுக்குரிய கூற்றன்று, நம்பிக்கைக் கூற்று.

காளைச் சான்றும் இத்தகையதே. ரிஷப யுகம் எனப்படும் காலத்தில் சிந்துவெளி முத்திரைகளில் காளை உண்டு. ஆனால் அங்கு மிகுதியாகக் காணப்படுவது ராசி மண்டலத்தில் இடம்பெறாத ஒற்றைக்கொம்பு விலங்கு. தமிழ்நிலத்தில் காளையின் மதிப்பு மேட யுகத்தோடும் முடியவில்லை, மீன யுகத்தோடும் முடியவில்லை. முல்லைக்கலியின் ஏறுதழுவல் முதல் இன்றைய மாட்டுப்பொங்கல் வரை அது தொடர்வதற்கு ஏர் காரணம், பால் காரணம், மேய்ச்சல்நிலம் காரணம்.

நகர்ந்த வானும் நகராத நாட்களும்

கோட்பாடு மெய்யாயின் அயன சலனத்தை உணர்ந்த சமூகத்தில் நம்பிக்கை அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். இந்தியாவில் நிகழ்ந்தது வேறு. அயனாந்தங்கள் முன்பு ஆயிலிய நடுவிலும் அவிட்டத் தொடக்கத்திலும் நிகழ்ந்தன எனப் பழைய நூல்கள் கூறுவதையும், தம் காலத்தில் அவை கடக மகரத் தொடக்கங்களில் நிகழ்வதையும் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் பதிவு செய்கிறார். கண்ணாற் கண்டு சரிபார்க்குமாறும் சொல்கிறார். யுகம் மாறியது என அவர் முடிவு கட்டவில்லை. அவருக்குப் பின்னோ திருத்தமே நின்றுபோயிற்று. பஞ்சாங்க மாதங்கள் விண்மீன்களைப் பற்றிக்கொண்டன. பருவங்கள் அவற்றிலிருந்து நழுவின.

இன்று கதிரவன் தெற்குக்கோடியிலிருந்து திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி 6 அல்லது 7. உத்தராயணத்தை நாம் கொண்டாடுவதோ 23 நாட்கள் கழித்துத் தை முதல் நாளில். வேனிற்காலச் சம இராப்பகல் நாள் மார்ச் 20 அளவில். சித்திரை முதல் நாள் அதற்கு 25 நாட்கள் பின்னே. தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கிய 2008ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை நீக்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டமும் எழுப்பிய விவாதத்தில் ஒரு சாரார் உத்தராயணத்தையும் மற்றொரு சாரார் மேட விஷுவத்தையும் வானியல் ஆதாரமாகக் காட்டினர். இரு சாராரின் ஆதாரமும் ஏறத்தாழ ஒரே அளவு பிழையுடையது என்பது அவ்விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. தை முதல் நாளுக்கு உழவும் அறுவடையும் தரும் நியாயம் வேறு. அதற்கு அயனத்தின் துணை தேவையில்லை.

நெடுநல்வாடையில் அரசியின் கட்டில்மேல் விதானத்தில் ஆட்டை முதலாகக் கொண்ட ராசிகளும் உரோகிணியோடு கூடிய திங்களும் தீட்டப்பட்டுள்ளமை கூறப்படுகிறது. இதனை மேட யுகத்தின் சான்றாகக் கொள்ள இடமில்லை. சம இராப்பகல் புள்ளி மேடத் தொகுதியை விட்டு ஏறத்தாழ அகன்றுவிட்ட பின்னரும் மேடமே ராசிகளின் தலையாக நீடித்தது, இன்றும் நீடிக்கிறது. அவ்வடிகள் ராசி அறிவு தமிழகத்துக்கு வந்துசேர்ந்துவிட்டதைக் காட்டுவன. காலத்தின் மேலெல்லையை அறிய அவை உதவும். வானின் நிலையை அறிய உதவா.

சம இராப்பகல் புள்ளியும் நிராயன மேடத் தொடக்கமும் ஒன்றியிருந்த ஆண்டு, மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஏற்ற அயனாம்சப்படி, கி.பி. 285. பருவத்தோடு பிணைந்த நாட்காட்டியை அக்குழு 1955இல் பரிந்துரைத்தது. 1957 முதல் அது தேசிய நாட்காட்டியாயிற்று. விழாக்களின் நாட்களை அது அசைக்கவில்லை.

ஒளியின் சான்று

மார்கழி, தை மாதங்களில் கதிரொளி பாடலாத்ரி நரசிம்மரின் திருவடியிலும், ரதசப்தமியை ஒட்டி திருமேனி முழுவதிலும் படர்வதாக இக்கோவில் வழக்கு கூறும். கதிரொளி கருவறைக்குள் விழுவது கதிரவனின் வடதென் நகர்வைப் பொறுத்தது. அது பருவத்தோடு பிணைந்தது, ராசியோடு அன்று. குடைவரையை 8ஆம் நூற்றாண்டினது என வைத்துக்கொண்டால், அன்று தை முதல் நாள் அயனாந்தத்திற்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் அமைந்தது. இன்று 23 நாட்கள் தள்ளி அமைகிறது. அந்நாளின் உதயத்திசை இதற்கிடையே ஏறத்தாழ இரண்டு பாகை வடக்கே நகர்ந்துள்ளது. பாறை அசையவில்லை, ஒளி வந்துவிழும் பருவமும் பெரிதும் மாறவில்லை, அதற்கு நாம் இட்ட மாதப்பெயரே நழுவியிருக்கிறது.

கும்ப யுகம் தொழில்நுட்பத்தின் யுகம் என்பார்க்கு இவ்வூரின் வடக்கே செல்லும் சாலை நல்ல எடுத்துக்காட்டாகத் தோன்றலாம். ஏரிப்பாசன ஊர்களின் நடுவே வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தது ஒரே தலைமுறையில் நிகழ்ந்தது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியதற்கும் ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டதற்கும் சிப்காட் நிலம், துறைமுகத்தின் அண்மை, 1991க்குப் பிந்தைய பொருளாதாரக் கொள்கை எனப் பெயர்சொல்லிக் காட்டத்தக்க காரணங்கள் உள்ளன. நிலம் கைமாறிய வரலாற்றை ராசியின் பெயரால் விளக்குவது, அதில் முடிவெடுத்தோரையும் நிலம் இழந்தோரையும் ஒருசேர மறைக்கும்.

இக்குடைவரையின் அச்சுத்திசையைக் கருவிகொண்டு அளந்து, மார்கழி 6, தை 1, ரதசப்தமி ஆகிய மூன்று நாட்களின் காலையொளி எங்கு விழுகிறது என்பதைச் சில ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவந்தால், வழக்காறு கூறும் நாட்களுக்கும் குடைந்தோர் கருதிய நாட்களுக்கும் உள்ள தொலைவை மதிப்பிட இயலும். ரதசப்தமி திதியைப் பற்றியதாதலால் ஆண்டுதோறும் முன்பின்னாகும். அவ்வேறுபாட்டையும் கணக்கிற்கொள்ள வேண்டும். தொண்டை மண்டலத்தின் பிற பல்லவக் குடைவரைகளிலும் இவ்வளவீட்டைச் செய்தால் ஒப்பிடுவதற்குத் தரவு கிடைக்கும்.