இ-சஞ்சீவனி: டோக்கன் வரிசையில் ஓர் அவசரம்

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அன்றே மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வந்தன. ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓபி. ஆரம்ப மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டாம். நல்ல விஷயம்தான்.

மூச்சுத்திணறலுக்கு? ஓடிபி, டோக்கன், காத்திருப்பு என்று அதன் அமைப்பே ஓபிதான். கொரோனாவில் ஆக்சிஜன் குறைவது முகத்தில் தெரியாமலும் போகலாம். வீடியோவில் பார்க்கும் டாக்டருக்கு ஆக்சிமீட்டர் எண் வேண்டும். 94-க்குக் கீழே போனால் ஆபத்து. அந்தக் கருவி எத்தனை வீட்டில் இருந்தது? காரையாறு பக்கத்துக் காணிக் குடியிருப்புகளுக்கு முதலில் சிக்னல் வேண்டுமே!

அவசரம் என்றால் முதலுதவி சொல்லி, நேரில் காட்டச் சொல்லுங்கள் என்கிறது நெறிமுறை. அப்படியானால் 'மூச்சு வாங்குதா?' என்ற கேள்வி டோக்கனுக்கு முன்னாலேயே வர வேண்டும். ஆமாம் என்றால் வரிசை கிடையாது, நேரே 108.